வாசல்வரை போலீஸ்

மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை

"தபாலுக்கு எதுக்குடா தனியா ஒரு போலீஸ்? கடுதாசி என்ன எந்திரிச்சு ஓடிடவா போகுது?"

மெஸ்ஸில் இந்தப் பேச்சை நான் ஆரம்பித்ததுமே என் அறைத்தோழன் கேட்ட கேள்வி இது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். ஆனால் ராத்திரி படுத்தபோது தாத்தா ஞாபகம் வந்தது.

என் தாத்தா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்தின் முதல் வாரத்தில் முதியோர் பென்ஷன் மணியார்டர்களை எடுத்துக்கொண்டு மூன்று கிராமங்களைச் சைக்கிளில் சுற்றி வருவார். அத்தனை பேருடைய பணமும் ரொக்கமாகப் பையில் இருக்கும். ஊருக்கு வெளியே புளியமரத்து வளைவு ஒன்று உண்டு. அந்த இடம் வரும்போது மட்டும் வேகமாக மிதிப்பாராம். "போஸ்டாபீசுக்குள்ள இருக்கிறவரைக்கும் இரும்புப் பெட்டி, பூட்டு, கையெழுத்து எல்லாம் உண்டு. வாசப்படி எறங்கிட்டா நானும் பையுந்தான்" என்று அவர் சொல்வதை நான் சின்ன வயதில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

நூலகத்தில் ஒரு நாள் வேறு எதையோ தேடப்போய் அமெரிக்காவின் தபால் போலீசைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அங்கே சில ஆண்டுகளாக நடந்துவரும் சண்டையே இந்த வாசப்படியைப் பற்றித்தான். அதைத்தான் என்னால் முடிந்தவரை இங்கே விளக்கப் போகிறேன். நான் சட்டம் படித்தவன் அல்ல. லேத்தும் ஃபைலும் பிடித்த கை. தவறாக ஏதும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்கத் தபால் துறைக்கென்று ஒரு புலனாய்வுப் பிரிவு உண்டு. அதன் வேர் 1775ஆம் ஆண்டுவரை போகிறது. பெஞ்சமின் பிராங்க்ளின் தபால் துறைத் தலைவராக இருந்தபோது வில்லியம் கோடார்டு என்பவரைத் தபால் பாதைகளைச் சோதித்துப் பார்க்க நியமித்தார். அந்த வழியில் வந்தவர்கள்தான் இன்றைய தபால் இன்ஸ்பெக்டர்கள். நம் ஊரில் தபால் இன்ஸ்பெக்டர் என்றால் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வருகிறவர். கைவிலங்கு வைத்திருக்கமாட்டார். தபால் பை கொள்ளை போனால் நாமும் சாதாரண போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். அமெரிக்க இன்ஸ்பெக்டரோ துப்பறியும் அதிகாரி. சாதா உடையில் வருவார், துப்பாக்கி வைத்திருப்பார், கைது செய்வார், வழக்கை நீதிமன்றம்வரை கொண்டுபோவார்.

தபால் போலீஸ் என்பவர்கள் இவர்கள் அல்ல. இவர்கள் யூனிஃபார்ம் அணிந்தவர்கள். 1970களின் தொடக்கத்தில், பழைய தபால் இலாகாவைக் கலைத்துத் தனி நிறுவனமாக மாற்றிய காலகட்டத்தில் உருவான படை. பெரிய நகரங்களில் உள்ள தபால் நிலையங்களையும் பிரிப்பகங்களையும் காப்பது இவர்கள் டூட்டி. எண்ணிக்கை பெரிதல்ல, நாடு முழுவதற்கும் சேர்த்துச் சில நூறு பேர்தான். ஆனால் இவர்களும் துப்பாக்கியும் பேட்ஜும் உள்ள உண்மையான போலீஸ். செக்யூரிட்டி கார்டு என்று நினைத்துவிட வேண்டாம்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. இவர்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் 3061 என்றொரு பிரிவு உள்ளது. அதன் முதல் பகுதிகள் இன்ஸ்பெக்டர்களைப் பற்றியவை. தபால் போலீசுக்கான உட்பிரிவு 2006 டிசம்பரில் நிறைவேறிய தபால் சீர்திருத்தச் சட்டத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. தபால் துறைக்குச் சொந்தமான, அது குடியிருக்கிற, அல்லது அதன் பொறுப்பில் உள்ள சொத்தையும், அந்தச் சொத்தில் இருக்கும் ஆட்களையும் காக்கப் போலீஸ் அதிகாரிகளை வேலைக்கு வைக்கலாம் என்கிறது அது. கூடவே ஒரு வால். அந்தச் சொத்தையும் ஆட்களையும் காக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுக்குச் சொத்துக்கு வெளியேயும் வேலை செய்யலாம் என்கிறது.

அந்தச் சொத்தைப் பொறுத்தவரை இவர்கள் மத்திய அரசின் சட்டங்களை அமல்படுத்தலாம், துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். கண்ணெதிரே குற்றம் நடந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். பெரிய குற்றம் ஒன்றை ஒருவன் செய்தான் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலும் பிடிக்கலாம். சம்மன் கொடுப்பது, விசாரணை நடத்துவது போன்ற மற்ற வேலைகள் தபால் துறை விதிகள் மூலம் எந்த அளவுக்கு அனுமதிக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும்.

படிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டாவது முறை படித்தபோதுதான் 'சொத்து' என்ற இடத்தில் இடறியது.

தமிழில் நமக்கு இது உடனே புரியும். பத்திரம் எழுதுகிறவரிடம் போனால் அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று பிரித்துத்தான் பேசுவார். தபால் நிலையக் கட்டிடம் அசையாச் சொத்து. தபால் வேன், தெருமுனையில் நிற்கும் நீலப் பெட்டி, தபால்காரர் தோளில் தொங்கும் பை, பைக்குள் இருக்கும் கடிதம் இவையெல்லாம் என்ன? தபால் துறையின் பொறுப்பில் உள்ளவைதானே? அப்படியானால் அவற்றைக் காக்கத் தெருவுக்குப் போகலாம். ஆனால் அந்த உட்பிரிவு 'குடியிருக்கிற' என்றும் 'சொத்தில் இருக்கும் ஆட்கள்' என்றும் 'சொத்துக்கு வெளியே உள்ள இடங்கள்' என்றும் பேசுகிறது. பைக்குள் யாரும் குடியிருக்க முடியாது. எனவே இது நிலத்தையும் கட்டிடத்தையும் மட்டுமே குறிக்கிறது என்றும் வாதாடலாம். இன்ஸ்பெக்டர்களைப் பற்றிய பகுதியிலோ 'தபால் துறையின் வசம் உள்ள சொத்து' என்பதோடு தபாலைப் பயன்படுத்துவது பற்றிய சட்டங்களும் வெளிப்படையாகவே வருகின்றன. போலீஸ் பகுதியில் அது இல்லை. ஒரே சட்டம், இரண்டு ஆட்களுக்கு இரண்டு விதமான வாசகம்.

பல வருடங்கள் இந்தக் கேள்வி யாரையும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. தபால் போலீஸ் தெருவிலும் ரோந்து போனார்கள், விலையுயர்ந்த சரக்கு ஏற்றிய வண்டிகளுக்குத் துணையாகப் போனார்கள். 2020 ஆகஸ்ட் 25ஆம் தேதி மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இனிமேல் தபால் போலீஸ் தபால் துறையின் இடங்களுக்குள் மட்டும்தான். அதாவது அசையாச் சொத்து மட்டும். வாசலைத் தாண்டினால் அதிகாரம் இல்லை.

தபால் போலீஸ் சங்கம் வாஷிங்டனில் உள்ள மத்திய நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டிலேயே வழக்கு தள்ளுபடி ஆனது. சட்டத்தின் வாசகத்தை நிர்வாகம் படித்த விதத்தில் படிக்கவும் இடம் இருக்கிறது, வரம்பை அப்பட்டமாக மீறியதாகச் சொல்ல முடியாது என்ற நிலை. இதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். போலீஸ் தெருவுக்குப் போகவே கூடாது என்று சட்டம் சொன்னதாக ஆகவில்லை. எப்படிப் படிப்பது என்பது நிர்வாகத்தின் கையில் விடப்பட்டது, அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் வியப்பாக இருந்த விஷயம் ஒன்று. மத்திய அரசுக் கட்டிடங்களைக் காக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகளுக்கு வேறொரு சட்டம் உண்டு, 40ஆம் தலைப்பில் 1315ஆம் பிரிவு. அதிலும் கிட்டத்தட்ட இதே வால் இருக்கிறது. சொத்தையும் ஆட்களையும் காக்கத் தேவையான அளவுக்கு வெளியேயும் போகலாம் என்ற அதே வாசகம். அதே 2020 கோடையில், போர்ட்லாண்ட் நகரத்தில் நீதிமன்றக் கட்டிடத்தைக் காக்க என்று சொல்லி அனுப்பப்பட்ட மத்திய அதிகாரிகள் சுற்றியுள்ள தெருக்களில் இறங்கி ஆட்களைப் பிடித்தார்கள். ஆதாரமாகக் காட்டப்பட்டது அந்த 1315ஆம் பிரிவு. ஜூலையில் ஒரு துறை அந்த வாசகத்தை ரப்பர் மாதிரி இழுத்தது. ஆகஸ்டில் இன்னொரு துறை அதையே சுருட்டி வைத்தது. இரண்டும் சட்டப்படிதான் என்றார்கள்! சட்டம் என்றால் வெர்னியர் காலிப்பர் மாதிரி, யார் அளந்தாலும் ஒரே அளவு காட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய பாடம்.

சரி, தெருவில் அப்படி என்னதான் நடந்தது? இங்கே நம் துறை சம்பந்தப்பட்ட சமாசாரம் வருகிறது. ஒரு சாவி.

அமெரிக்கத் தபால்காரர்களிடம் 'ஆரோ கீ' என்றொரு சாவி இருக்கும். அம்புக்குறி போட்ட சாவி. ஒரு வட்டாரத்தில் உள்ள நீல நிறத் தபால் பெட்டிகள், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மொத்தப் பெட்டிகள், பார்சல் பெட்டிகள் எல்லாவற்றையும் அந்த ஒரே சாவி திறந்துவிடும். வேலைக்கு எவ்வளவு சௌகரியம்! ஃபிட்டிங் ஷாப்பில் எல்லா டிராயருக்கும் ஒரே மாதிரிப் பூட்டு போட்டிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சாவி தொலைந்தால் ஒரு டிராயர் போகாது, ஷாப்பே போய்விடும். சரிசெய்ய வேண்டும் என்றால் அத்தனை பூட்டையும் மாற்ற வேண்டும். இத்தனைக்கும் தபால் துறையின் தணிக்கைப் பிரிவு 2020 ஆகஸ்டிலேயே ஓர் அறிக்கை கொடுத்திருக்கிறது. இந்தச் சாவிகள் மீதான கட்டுப்பாடு சரியில்லை, எத்தனை சாவிகள் புழக்கத்தில் உள்ளன என்பதே துறைக்குத் தெரியவில்லை என்று. போலீசை உள்ளே போகச் சொன்ன அதே மாதம்.

திருடர்களுக்கு அந்தச் சாவி எதற்கு? கடிதம் படிக்க அல்ல. அமெரிக்காவில் இன்னமும் காசோலையைத் தபாலில் அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அதை எடுத்து, எழுதிய மையை ரசாயனத்தில் கழுவிவிட்டு, வேறு பெயரும் வேறு தொகையும் எழுதி வங்கியில் போட்டுவிடுகிறார்கள். காசோலை மோசடி பற்றி வங்கிகள் அமெரிக்க அரசுக்கு அனுப்பிய சந்தேக அறிக்கைகள் 2021ல் 3,50,000க்கு மேல், 2022ல் 6,80,000க்கு மேல். ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எல்லாமே தபால் திருட்டு அல்ல என்றாலும், தபால் திருட்டு வழியாக நடக்கும் மோசடி பெருகுவதாக 2023 பிப்ரவரியில் அரசே வங்கிகளை எச்சரித்தது.

அந்தச் சாவியைச் செய்ய லேத் வேண்டாம், தபால்காரரின் நெற்றிக்கு நேரே துப்பாக்கியை நீட்டினால் போதும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். தபால் துறை தானே 2023 மே மாதம் வெளியிட்ட கணக்கு இது. 2022 நிதியாண்டில் டூட்டியில் இருந்தபோது கொள்ளையடிக்கப்பட்ட தபால்காரர்கள் 412 பேர். அடுத்த நிதியாண்டின் முதல் பாதியில் மட்டும் 305 பேர். தபால் பெட்டிகளிலிருந்து மொத்தமாகத் திருடிய சம்பவங்கள் 2022 நிதியாண்டில் 38,500, அடுத்த அரையாண்டில் 25,000க்கும் மேல். 412 என்பதை எண்ணாகப் படித்துவிட்டுப் போய்விடலாம். நான் அதைப் புளியமரத்து வளைவுகளாக எண்ணிப் பார்த்தேன்.

தண்டனைச் சட்டத்தில் குறையொன்றும் இல்லை. தபாலைத் திருடினால் ஐந்து வருடம்வரை, தபால் சாவியைத் திருடினாலோ போலியாகச் செய்தாலோ பத்து வருடம்வரை சிறை. தபால்காரரைக் கொள்ளையடித்துப் பயங்கர ஆயுதத்தால் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இருபத்தைந்து வருடம்வரை. ஆனால் இதெல்லாம் ஆள் பிடிபட்ட பிறகு. பிடிப்பதற்கு இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வருவது சம்பவம் நடந்த பிறகு. நடக்கும் முன்பே தெருவில் யூனிஃபார்மில் தெரிய வேண்டிய ஆள் பிரிப்பகத்தின் கேட்டில் நின்றுகொண்டிருக்கிறார்.

நிர்வாகத்தின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. கட்டிடத்துக்குள் பல ஆயிரம் ஊழியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும், தெருவைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் போலீசும் இன்ஸ்பெக்டர்களும் உண்டு என்பது அவர்கள் வாதம். இன்னொன்று, நாடு முழுவதும் தபால்காரர் நடந்தோ வண்டியிலோ போகும் பாதைகள் 2 லட்சத்துக்கும் மேல். சில நூறு போலீசை வைத்து எந்தத் தெருவைக் காப்பது? இந்தக் கணக்கு எனக்கும் உதைக்கத்தான் செய்தது. அதோடு, மத்திய அரசின் துப்பாக்கி ஏந்திய இன்னொரு படை தெருவில் இறங்குவதை போர்ட்லாண்டுக்குப் பிறகு எல்லோரும் ரசிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எல்லாத் தெருவிலும் நிற்க முடியாது என்பதற்காக ஒரு தெருவிலும் நிற்கக் கூடாது என்பது என்ன கணக்கு? கொள்ளை எந்த வட்டாரத்தில் அடிக்கடி நடக்கிறது என்று துறைக்குத் தெரியும். அந்த நான்கு தெருவில் ஒரு ரோந்து வண்டி சுற்றினாலே திருடன் யோசிப்பான். இது என் சொந்த அபிப்பிராயம்.

நீதிமன்றம் கைவிட்ட பிறகு மிச்சம் இருந்த வழி சட்டத்தையே திருத்துவதுதான். 2021ல் நியூயார்க்கின் ஆண்ட்ரூ கார்பரினோவும் நியூஜெர்சியின் பில் பாஸ்கரலும் தபால் போலீஸ் சீர்திருத்த மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தார்கள். முன்னவர் குடியரசுக் கட்சி, பின்னவர் ஜனநாயகக் கட்சி. இந்த இரண்டு கட்சியும் ஒரே பேப்பரில் கையெழுத்துப் போடுவது அங்கே அபூர்வம் என்பதை நாமறிவோம். மசோதாவின் சாரம் சின்னது. தபால் போலீசின் வேலை கட்டிடத்தோடு முடிந்துவிடாது, தபாலையும் அதைக் கொண்டுபோகும் ஆளையும் வெளியே காப்பதும் அவர்கள் வேலைதான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிவிடுவது. அசையும் சொத்தையும் சேர்த்துக்கொள் என்பதுதான் மொத்த விஷயமும். 2023ல் அது செனட் சபைக்கும் வந்தது.

2024ல் இன்னொரு மசோதா, தபால்காரர் பாதுகாப்பு மசோதா. பென்சில்வேனியாவின் பிரையன் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் ஒஹாயோவின் கிரெக் லாண்ட்ஸ்மனும் கொண்டுவந்தது. தபால்காரர்களின் தேசிய சங்கம் இதற்குப் பின்னால் நின்றது. இது போலீசைவிடப் பூட்டைத்தான் அதிகம் நம்புகிறது. ஆரோ பூட்டுகளை எலக்ட்ரானிக் பூட்டாக மாற்றவும் பலமான பெட்டிகள் வைக்கவும் ஐந்து ஆண்டுகளுக்கு 700 கோடி டாலர், ஒவ்வொரு மாவட்டத்திலும் தபால் குற்றங்களுக்கென்று ஒரு அரசு வழக்கறிஞர், தபால்காரரைத் தாக்கினால் காவல் அதிகாரியைத் தாக்கியதற்கு நிகரான தண்டனை என்பவை அதன் அம்சங்கள்.

இரண்டுமே சட்டம் ஆகவில்லை. அமெரிக்க காங்கிரசின் ஆயுள் இரண்டு வருடம். அதற்குள் இரு சபையிலும் தேறாத மசோதா தானாகவே செத்துப்போகும். யாரும் எதிர்த்து வோட்டுப் போட வேண்டியதில்லை, கிடப்பில் போட்டால் போதும். 2025 ஜனவரி 3ஆம் தேதி பழைய காங்கிரஸ் முடிந்தபோது அப்படித்தான் எல்லாம் முடிந்தது. அரியர் வைத்தவன் மாதிரி மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். தபால்காரர் பாதுகாப்பு மசோதா 2025ல் மறுபடி அறிமுகம் ஆனது.

இடையில் தபால் துறை சும்மா இருந்ததாகவும் சொல்லக்கூடாது. 2023 மே மாதம் தொடங்கிய திட்டத்தில் 49,000 பழைய ஆரோ பூட்டுகளை எலக்ட்ரானிக் பூட்டாக மாற்றுவதாகவும் 12,000 பலமான நீலப் பெட்டிகளை வைப்பதாகவும் அறிவித்தது. எலக்ட்ரானிக் பூட்டில் சாவி மட்டும் இருந்தால் திறக்காது. ஆகவே சாவியைப் பிடுங்கிப் பிரயோஜனம் இல்லை. இயந்திரவியல் மாணவன் என்ற முறையில் எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. போலீஸ் அதிகாரத்தைப் பற்றி வருடக்கணக்கில் வாதாடுவதைவிட நல்ல பூட்டாகப் போட்டுவிட்டுப் போகலாமே என்றுகூட எழுதி வைத்திருந்தேன்.

இந்தக் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன் ஊருக்கு போன் செய்து தாத்தாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். அசையும் சொத்து, அசையாச் சொத்து சமாசாரத்தைக் கேட்டு நன்றாகச் சிரித்தார். பூட்டு விஷயத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஏம்ப்பா, புதுப் பூட்டு போட்டாச்சு. சாவி வேலைக்கு ஆகாது. சரி. எதிர்ல துப்பாக்கியோட நிக்கிறானே, அவனுக்கு அது தெரியுமா?"

எழுதி வைத்திருந்த வரியை அடித்துவிட்டேன்.